முதல் தனிப் பயணத்துக்கு ஒரு சதுர கிலோமீட்டர் போதும்

கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இதுவரை இந்தியாவை விட்டு வெளியே சென்றதில்லை. ஒரு வாரம் விடுப்பு எடுத்து, தனியாக, ஏதாவது ஒரு பழைய நகரத்தை நடந்தே பார்க்க விரும்புகிறேன். எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது, எப்படித் தயாராவது, வீட்டில் உள்ளவர்களின் பயத்தை எப்படித் தணிப்பது?" தருமபுரியில் பல ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என் முதல் தனிப் பயணத்தை மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுனுக்கு மேற்கொண்டேன். பிறகு இரண்டு முறை அதே ஊருக்கே திரும்பிப் போனேன். ஆகவே என் பதில் அந்த ஊரைச் சுற்றியே அமையும்.

முதலில் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனியாக முதன்முறை வெளிநாடு செல்பவர்கள் செய்யும் பெரிய தவறு, பயண நாள்களைக் குறைத்துக்கொண்டு இடங்களைக் கூட்டிக்கொள்வதுதான். ஐந்து நாளில் மூன்று நகரங்கள் என்று திட்டமிட்டால் பாதி நேரம் பேருந்து நிலையத்திலும் விடுதி வரவேற்பறையிலும் கழிந்துவிடும். நடப்பதற்கென்று போனவர் நடக்காமலே திரும்புவார். ஜார்ஜ் டவுனின் பழைய பகுதி, மலாக்காவுடன் சேர்த்து 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் மையப் பகுதியின் பரப்பு ஏறத்தாழ 109 ஹெக்டேர், அதாவது ஒரு சதுர கிலோமீட்டரைவிடச் சற்றே கூடுதல். அந்தப் பரப்புக்கு மட்டும் முழுதாக நான்கு நாள் ஒதுக்குங்கள். ஒரே தெருவைக் காலையில் ஒருமுறை, அந்தி சாய்ந்தபின் ஒருமுறை, மழைக்குப்பின் இன்னொருமுறை நடக்கும்போதுதான் அந்த ஊர் தன்னை உங்களுக்குக் காட்டத் தொடங்கும்.

"தமிழ் பேசுகிற ஊருக்குப் போவது என்ன வெளிநாட்டுப் பயணம்" என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. தனியாகப் போகிறவருக்கு முதல் இரண்டு நாள் அச்சம் பெரும்பாலும் மொழி, உணவு, வழி என்ற மூன்றைப் பற்றியதுதான். லிட்டில் இந்தியா என்று அழைக்கப்படும் தெருக்களில் தமிழில் வழி கேட்கலாம், இலை போட்டுச் சாப்பிடலாம் என்றால் அந்த அச்சத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். மனம் ஊரைப் பார்ப்பதற்கு ஓய்வாகிவிடும். மேலும், சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒன்றாகக் காதில் விழுந்து பழகிய கிருஷ்ணகிரிக்காரருக்கு, மலாயும் ஹொக்கியன் சீனமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே தெருவில் கலந்து ஒலிக்கும் ஊர் அந்நியமாகத் தோன்றாது.

நம் மாவட்டத்துக்காரர்கள் அந்த ஊருக்குப் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜார்ஜ் டவுனின் வடகிழக்கு முனையில், கடலைப் பார்த்தபடி ஒரு கோட்டை இருக்கிறது. 1786 ஆகஸ்ட் 11-ஆம் நாள் ஃபிரான்சிஸ் லைட் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அந்தத் தீவைக் கைக்கொண்டபின், முதலில் மரக்கழிகளால் வேலியடைப்பாகக் கட்டப்பட்டு, பிறகு செங்கல்லால் எழுப்பப்பட்ட கோட்டை அது. பெயர் கார்ன்வாலிஸ் கோட்டை. அந்தப் பெயரைப் பலகையில் படித்தபோது நான் சிறிது நேரம் நகராமல் நின்றுவிட்டேன். அதே கார்ன்வாலிஸ் பிரபுதான், கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, மூன்றாம் மைசூர்ப் போரில் திப்பு சுல்தானுக்கு எதிராகத் தானே படை நடத்தி, 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின் மூலம் பாராமகாலைக் கம்பெனிக்குப் பெற்றுத் தந்தவர். பாராமகால் என்பது நம் கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அடங்கிய நிலப்பகுதி. அலெக்சாண்டர் ரீட் அதை நிர்வகிக்க வந்தார். அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ இந்த மண்ணில் கற்ற நிலவரிப் பாடம் பிற்காலத்தில், உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையாக மதராஸ் மாகாணமெங்கும் பரவியது. ஆறே ஆண்டு இடைவெளியில் கம்பெனி பினாங்கையும் நம் ஊரையும் கைப்பற்றியிருக்கிறது என்பதைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தவனுக்கும், அந்தக் கோட்டைச் சுவரில் கை வைத்தபோதுதான் அது உறைத்தது. கிருஷ்ணகிரிக் கோட்டை போரைப் பார்த்த கோட்டை. கார்ன்வாலிஸ் கோட்டை ஒரு போரையும் பார்த்ததில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு சுவரின் உயரத்திலேயே தெரியும்.

ஆகவே புறப்படுவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, கிருஷ்ணகிரிக் கோட்டை மலையில் ஏறுவது. இது உடலுக்கும் பயிற்சி, கண்ணுக்கும் பயிற்சி. பயணத்துக்கென்று வாங்கும் காலணியைப் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் முன்பிருந்தே வாரம் ஒருமுறை காலையில் ஏறி இறங்குங்கள். புதுக் காலணியை விமான நிலையத்தில் முதன்முதலாகப் போடுபவர்கள் இரண்டாம் நாளே கொப்புளத்தோடு அறையில் படுத்துவிடுகிறார்கள். அடுத்து, உங்கள் ஊரின் பழையபேட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம், யாரையும் பார்க்கப் போகாமல், ஒன்றும் வாங்காமல், தெருக்களை மட்டும் பார்த்துக்கொண்டு தனியாக நடங்கள். எந்த வீட்டில் மரத்தூண் மிஞ்சியிருக்கிறது, எந்தக் கடை வீட்டை இடித்துக் கட்டியது, மசூதியும் கோயிலும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று கவனியுங்கள். சொந்த ஊரில் இப்படி நடந்து பழகாத கண்ணுக்கு வெளியூரிலும் கடைப்பலகைதான் தெரியும்.

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கட்டாயம் இணையுங்கள். இல்லையேல் குடிபெயர்வுச் சோதனை தேவை (ECR) என்ற முத்திரையோடு பாஸ்போர்ட் வரக்கூடும், அது மலேசியா போன்ற நாடுகளுக்குப் புறப்படும்போது வீண் கேள்விகளுக்கு இடம் தரும். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குச் சுற்றுலா செல்லலாம் என்ற சலுகை நடைமுறைக்கு வந்தது; இத்தகைய சலுகைகள் காலவரையறை உடையவை என்பதால் பயணச்சீட்டு வாங்குமுன் அரசின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, பணம் கேட்கும் தளம் எதுவானாலும் விலகிவிடுங்கள். திரும்பும் பயணச்சீட்டும் விடுதி முன்பதிவும் தாளில் அச்சிட்டுக் கையில் இருக்கட்டும்.

பணத்தில் ஒரு நுட்பம் உண்டு. நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். அதை வங்கிச் செயலியில் நீங்களே திறந்து வைக்க வேண்டும். அங்கே போனபின் திறக்க முயன்றால் ஒருமுறைக் கடவுச்சொல் உங்கள் இந்திய எண்ணுக்கு வரும். அந்த எண்ணில் ரோமிங் இல்லையென்றால் வழியடைத்துவிடும். உள்ளூர் சிம் வாங்கினாலும் இந்திய சிம்மைக் கழற்றாமல் வைத்திருங்கள். ரிங்கிட் நோட்டுகள் கொஞ்சம் இங்கிருந்தே மாற்றிக்கொண்டு போவது நல்லது. நம் மின்செருகி அங்குள்ள சதுரத் துளைகளில் பொருந்தாது என்பதால் ஒரு மாற்றி தேவை.

கிருஷ்ணகிரிக்குப் பெங்களூருதான் பக்கம். ஆனால் விமான நிலையம் நகரத்தைத் தாண்டி வடக்கே தேவனஹள்ளியில் இருப்பதால் ஓசூர்ச் சாலை நெரிசலையும் நகரத்தின் நெரிசலையும் முழுக்கக் கடந்தாக வேண்டும். கூகுள் காட்டும் நேரத்தோடு மூன்று மணி நேரம் சேர்த்துக்கொண்டு புறப்படுங்கள். கோலாலம்பூரில் இறங்கி, சென்ட்ரல் நிலையத்திலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயிலில் செல்வதை நான் பரிந்துரைக்கிறேன். நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் கால் மணி நேரம் போல நீரிணையைக் கடந்தால் ஜார்ஜ் டவுன். இதைவிட விரைவான வழிகள் உண்டு. எனினும், கடல்வழி வணிகத்துக்காகவே உருவான ஒரு துறைமுக நகரத்தை அதன் கடல்முகத்தின் வழியாக முதன்முதலில் பார்ப்பதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல மாட்டேன்.

அந்தப் படகிலிருந்தே ஓர் அடையாளத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஊருக்கு நடுவே வட்டமான உயர்ந்த கோபுரக் கட்டடம் ஒன்று தெரியும். அதன் பெயர் கோம்தார். கிருஷ்ணகிரியில் எந்தத் தெருவில் நின்றாலும் கோட்டை மலை கண்ணில் படுவதுபோல, ஜார்ஜ் டவுனில் வழி தவறும்போதெல்லாம் அந்தக் கோபுரம் கண்ணில் படும். பழைய பகுதிக்கு அது தென்மேற்கு. வடக்கும் கிழக்கும் கடல். இது ஒன்று நினைவிருந்தால் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு நடக்கலாம். தெருப்பெயர்களில் லெபோ என்றால் தெரு, ஜாலான் என்றால் சாலை, லோரோங் என்றால் சந்து.

ஃபிரான்சிஸ் லைட் முதலில் வகுத்தவை நான்கு தெருக்களால் ஆன ஒரு சதுக்கம்: வடக்கே லைட் தெரு, கிழக்கே பீச் தெரு, தெற்கே சூலியா தெரு, மேற்கே பிட் தெரு. முதல் நாள் காலை இந்த நான்கையும் சுற்றி வாருங்கள். பீச் தெருவில் நடக்கும்போது, கடற்கரைத் தெரு என்று பெயர் இருந்தும் கடல் எங்கே என்ற கேள்வி எழ வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து வெல்டு துறைவீதியை அமைத்தார்கள். கடல் தள்ளிப் போய்விட்டது, பெயர் மட்டும் பழைய கரையிலேயே தங்கிவிட்டது. சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறித்த சொல். அந்தத் தெருவில் நாகூர் ஆண்டவரின் நினைவாகச் சிறிய தர்கா ஒன்று நிற்கிறது. நாகூருக்கு ஒருமுறையாவது போய்வந்தவர்கள் அதன் முன்னால் வேகமாகக் கடந்துபோக முடியாது.

அந்தச் சதுக்கத்தின் மேற்கெல்லையான பிட் தெருவுக்குத்தான் ஒரு முழு நாள் வேண்டும். இன்று அதற்குக் கப்பித்தான் கெலிங் மசூதிச் சாலை என்று பெயர். வடமுனையில் 1818-இல் கட்டப்பட்ட புனித ஜார்ஜ் ஆங்கிலிக்கன் தேவாலயம். சில நிமிட நடையில் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில். அதற்குப் பின்புறத் தெருவான குயின் தெருவில் 1833-ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் கோயில். இன்னும் தெற்கே போனால், காதர் மொஹிதீன் என்ற தமிழ் முஸ்லிம் சமூகத் தலைவர் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் மசூதி. கலிங்கம் என்ற சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படும் 'கெலிங்' என்பதை இன்று ஆளைப் பார்த்துச் சொன்னால் அது இழிசொல். பள்ளிவாசலின் பெயரில் மட்டும் பழைய பொருளில் நிலைத்திருக்கிறது. காலை ஏழு மணிக்கு முன்பே அங்கே போங்கள். குவான் யின் கோயிலில் கைத்தடி உயரத்துக்கு ஊதுவத்திகளை ஏற்றி நிறுத்தியிருப்பார்கள். அந்தப் புகையின் மணம் தெருவைக் கடந்து வரும்போதே மாரியம்மன் கோயிலின் மணியும் கேட்கும். நான் நின்ற காலையில் சீன மூதாட்டி ஒருவர் குவான் யின் கோயிலில் கும்பிட்டுவிட்டு, ஊதுவத்திச் சாம்பல் ஒட்டிய விரல்களை முந்தானைபோலத் தோளில் கிடந்த துண்டில் துடைத்துக்கொண்டு, அருகில் இருந்த தமிழ்ப் பூக்காரரிடம் மல்லிகைச் சரம் ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். இருவரும் பேசியது மலாய். விலை கேட்கவே இல்லை. நெடுநாள் வாடிக்கை என்று தெரிந்தது.

அந்த ஊரின் தனிச்சிறப்பு 'காக்கி லிமா' எனப்படும் ஐந்தடி நடைவழி. கடைவீடுகளின் முன்னே, மாடியின் கீழ், தெருவை ஒட்டி ஐந்தடி அகலத்துக்கு நிழல்வழி விட்டிருப்பார்கள். நம் திண்ணையைப் போன்றதுதான், ஆனால் உட்காருவதற்கன்று, நடப்பதற்கு. வெயிலுக்கும் திடீர் மழைக்கும் அதுவே குடை. ஆனால் ஒவ்வொரு வீட்டின் தளமும் ஒவ்வோர் உயரத்தில் இருக்கும். ஒரு வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு படி ஏறும் அல்லது இறங்கும். இடையே மோட்டார் சைக்கிள் நிற்கும். ஓரத்தில் சாக்கடை திறந்திருக்கும். மேலே சாளரக் கதவுகளின் வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டே நடந்த நான் முதல் பயணத்தின் இரண்டாம் நாளே அப்படி ஒரு படியைத் தவறவிட்டுக் கணுக்காலைப் பிசகிக்கொண்டேன். ஒன்றரை நாள் அறையில் ஐஸ் கட்டியோடு கழிந்தது. பார்க்க வேண்டுமானால் நின்று பாருங்கள். நடக்கும்போது தரையைப் பாருங்கள். தரையும் பார்க்கத் தகுந்ததே. பூ வேலைப்பாட்டுத் தளக்கற்கள், செட்டிநாட்டு வீடுகளை நினைவுபடுத்தும் வண்ணங்களில், ஆயிரம் கால்கள் மிதித்து நடுவில் மட்டும் மங்கியிருக்கும்.

இத்தனை பழைய வீடுகள் எப்படி மிஞ்சின என்று நீங்கள் கேட்கலாம். பழமைமேல் உள்ள பற்று மட்டும் காரணமன்று. நெடுங்காலம் நடைமுறையில் இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் வாடகை உயரவில்லை. இடித்துக் கட்டுவதில் உரிமையாளர்களுக்கு ஆதாயம் இல்லை. வீடுகள் அப்படியே நின்றன. அந்தச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, 2000-இல் அதன் பாதுகாப்பு முற்றிலும் முடிந்தபோது, தலைமுறைகளாகக் குடியிருந்த பலர் வெளியேற வேண்டியதாயிற்று. இன்று அழகான உணவகமாக இருக்கும் ஒரு வீட்டின் முன் நிற்கும்போது, அங்கே முன்பு தகரக்கொல்லரோ கூடை முடைபவரோ இருந்திருக்கலாம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்மீனியன் தெருவில் 2012-இல் லித்துவேனிய ஓவியர் எர்னெஸ்ட் சக்கரேவிச் வரைந்த சைக்கிள் ஓவியத்தின் முன்னால் எப்போதும் வரிசை நிற்கும். ஒருமுறை பாருங்கள், வரிசையில் நிற்க வேண்டாம். அதே தெருவில் 120-ஆம் எண் வீட்டில்தான் சீனப் புரட்சித் தலைவர் சன் யாட்-சென் 1910-இல் புரட்சிக்கு ஏற்பாடு செய்தார். அங்கே கூட்டம் குறைவு. கூ கோங்சி எனப்படும் கூ குலத்தாரின் மாளிகை 1901-இல் எரிந்து 1906-இல் மீண்டும் கட்டப்பட்டது. கூரையின் சிற்ப வேலைக்காகவே ஒரு மணி நேரம் கொடுக்கலாம். கடலுக்குள் மரத்தூண்கள்மேல் நிற்கும் சீனக் குலத்தாரின் துறைக் குடியிருப்புகளில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். வீட்டுக்குள் எட்டிப் படம் எடுக்கக் கூடாது.

ஊரின் மேற்கே நார்த்தம் சாலையில் பழைய புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஈழத்தலரி மரங்களின் கீழ் 1794-இல் இறந்த ஃபிரான்சிஸ் லைட்டின் கல்லறை அங்கே உள்ளது. ஆனால் நான் அங்கே நின்று நினைத்தது கல்லறையே இல்லாத சிலரை. மருது சகோதரர்கள் 1801-இல் தூக்கிலிடப்பட்டபின், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோரைக் கம்பெனி 1802-இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றி இந்தத் தீவுக்குத்தான் நாடு கடத்தியது. பினாங்கின் தொடக்ககாலச் சாலைப் பணிகளில் இந்தியக் கைதிகளின் உழைப்பு நிறையவே இருக்கிறது. வணிகராகப் போன தமிழரை மட்டுமன்றி, விலங்கோடு போன தமிழரையும் நினைக்காமல் அந்தத் தெருக்களில் நடக்க என்னால் முடியவில்லை.

வெயிலைப் பொறுத்தவரை நம் ஊர்க் கோடைபோல் வறண்டதாக இல்லாமல் உடலை நனைத்துக் களைக்கச் செய்வதாக இருக்கும். காலை ஆறரை முதல் பத்தரை வரை ஒரு நடை, மாலை நாலரை முதல் எட்டு வரை ஒரு நடை. இடையில் அறையில் தூங்குங்கள். தண்ணீரோடு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் பையில் இருக்கட்டும். சாப்பாட்டுக்கு, நாசி கண்டார் என்ற சோற்றைத் தவறவிட வேண்டாம். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிபோல ஒரு தடியின் இருபுறமும் சோறும் குழம்பும் சுமந்து விற்ற காலத்தின் பெயர் அது. சைவம் என்றால் லிட்டில் இந்தியாவில் குறையிருக்காது.

இனி வீட்டாரின் பயம். அதைக் கேலி செய்யாதீர்கள். அவர்களுக்குத் தெரியாத ஊருக்கு நீங்கள் போகிறீர்கள். அம்மாவை அருகில் உட்கார வைத்து, வரைபடத்தில் விடுதியையும் மாரியம்மன் கோயிலையும் காட்டுங்கள்; இரண்டும் நடை தூரத்தில் இருக்கும்படி விடுதியைத் தேர்ந்தெடுங்கள். விடுதியின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாளை அவரிடம் கொடுங்கள். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடும். நீங்கள் இரவு எட்டு மணிக்கு அறைக்குத் திரும்பிப் பேசினால் இங்கே மாலை ஐந்தரை. அந்த ஒரு நேரத்தை ஒருநாளும் தவறவிடாதீர்கள். ஒன்பது மணிக்குமேல் பல சந்துகள் வெறிச்சோடிவிடும் என்பதால் இரவு நடையை விளக்குள்ள பெரிய தெருக்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பையைச் சாலைப்பக்கத் தோளில் தொங்கவிட வேண்டாம். அவசர உதவிக்கு எண் 999. வண்டிகள் நம் ஊரைப் போலவே இடப்பக்கம் ஓடுவதால் சாலை கடக்கும் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை.

கடைசி நாள் காலை பெட்டியைக் கட்டியபின் ஒரு மணி நேரம் மிச்சம் வைத்துக்கொண்டு, முதல் நாள் நடந்த அதே நான்கு தெருக்களை மீண்டும் சுற்றுங்கள். இம்முறை வரைபடம் தேவைப்படாது. பூக்காரர் உங்களை அடையாளம் கண்டு தலையசைப்பார். பிறகு வெல்டு துறைவீதியில் ஃபெர்ரி ஏறி, ஊரைப் பார்த்த பக்கமாக ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டர்வொர்த் வரும்வரை கோம்தார் கோபுரம் தெரிந்துகொண்டே இருக்கும்.